எக்ஸாஸ்டில் ஆவி, 2,400-க்கு மேல் அலாரம்: எங்கிருந்து தேடுவது?

ஜெட்டிவாசி கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

படகு 28 அடி ஃபைபர், பினாங்கின் பத்து மாவுங்கில் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிறது. இன்ஜின் 3 சிலிண்டர் இன்போர்டு டீசல், 30 குதிரைத்திறன், முழுவேகம் 3,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). உள்சுற்றில் கூலன்ட், வெளிச்சுற்றில் கடல்நீர். கடல்நீர் கடைசியில் எக்ஸாஸ்டோடு கலந்து பின்பக்கம் வெளியேறும் வகை. பேனலில் முள் காட்டும் மீட்டர் கிடையாது, விளக்கும் பஸ்ஸரும் மட்டும்தான்.

1,800 வரை ஓட்டினால் எந்தத் தொந்தரவும் இல்லை. 2,400-க்கு ஏற்றி ஜெரஜாக் தீவுப் பக்கம் பத்து நிமிடம் போனால் பின்னால் வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. அப்படியே விட்டால் இன்னும் ஐந்து நிமிடத்தில் பஸ்ஸர் கத்தும், வெப்ப விளக்கு சிவக்கும். 1,400-க்கு இறக்கினால் இரண்டு மூன்று நிமிடத்தில் அலாரம் நின்றுவிடும், ஆவியும் குறையும். ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரியவில்லை.

இதுவரை செய்தது: ஸ்ட்ரெய்னரை (கடல்நீர் வடிகட்டி) கழுவியாயிற்று. இம்பெல்லர் (கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) புதிது போட்டாயிற்று. பழையதில் 6 இறக்கையில் 2 இல்லை. கூலன்ட் நிறைவாக இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஆவி வருகிறது. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசு, இந்த ஊர் சூட்டுக்கு அது எதற்கு” என்கிறார் ஃபோர்மேன். கூலன்ட் சூடேறியதும் திறந்து வழிவிடும் வால்வுதானே அது, கழற்றலாமா? இல்லையென்றால் எந்த வரிசையில் தேடுவது?

பழைய_பிஸ்டன் எழுதியது:

தம்பி, தெர்மோஸ்டாட்டில் கை வைக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: ஆவி முதலில், விளக்கு பிறகு. தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருந்தால் வரிசை தலைகீழாக இருக்கும். கூலன்ட் உள்ளேயே கொதிக்கும், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு (கூலன்டின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் குழாய்க்கட்டு) சூடே வராது, எக்ஸாஸ்ட் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ச்சியாக விழும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. கடல்நீர்ச் சுற்றில் தண்ணீர் பற்றவில்லை.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் இன்னொரு வம்பும் உண்டு. பல இன்ஜின்களில் அது திறக்கும்போதுதான் பைபாஸ் வழியை அடைக்கும். எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு எக்ஸ்சேஞ்சருக்கே போகாமல் பைபாஸிலேயே சுற்றிச் சுற்றி வரும். குறைந்த வேகத்தில் இன்ஜின் சூடேறாமல் கரி பிடிக்கும், முழுவேகத்தில் முன்னைவிடக் கூடுதலாகச் சூடேறும். சந்தேகம் தீரவேண்டுமானால் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோமீட்டரோடு அதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். திறக்கத் தொடங்கும் அளவு அதன் மேலேயே அடித்திருக்கும். இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 71 டிகிரியில் தொடங்கி 85-க்குள் முழுக்கத் திறக்கும். அப்படித் திறந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

அடுத்து, அது ஆவிதானா என்று உறுதி செய்யவேண்டும். ஆவியாக இருந்தால் படகின் பின்னால் கொஞ்ச தூரத்தில் கரைந்துவிடும், வாடை இருக்காது. டீசல் வாடையோடு கண் எரிந்து, தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கினால் அது எரியாத டீசல். இன்ஜெக்டர் பக்கம் போகவேண்டும். நீலமாக இருந்தால் ஆயில். வெள்ளை நிற்காமல் வந்துகொண்டே இருந்து, கூலன்ட் பாட்டிலில் குமிழி விட்டு, அளவும் நாளுக்கு நாள் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். உங்களுக்கு வேகத்தைக் குறைத்ததும் அடங்குகிறது, கூலன்டும் குறையவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கெட்டை இப்போதைக்கு மறக்கலாம். குளிர்நாட்டுக்காரர்கள் வீடியோவில் “எக்ஸாஸ்டில் கொஞ்சம் ஆவி சகஜம்” என்பார்கள். அது அவர்கள் ஊர்க் காற்றுக்கு. பினாங்கின் 30 டிகிரி வெயிலில் கண்ணுக்குத் தெரியுமளவு ஆவி வந்தால் அதைச் சகஜம் என்று விடக்கூடாது.

மூன்றாவது, அந்த 2 இறக்கைகள் எங்கே? ரப்பர் கரைந்து போகாது. பம்பிலிருந்து தண்ணீரோடு போய் அடுத்த குறுகலில், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சர் வாய்க்கு முந்தைய வளைவிலோ குழாய்க்கட்டின் முகப்பிலோ உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் என்ன தள்ளினாலும் அங்கே போய் முட்டும்.

எதையும் பிரிப்பதற்கு முன் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டர் வாங்கி நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள்: கடல்நீர் உள்ளே வரும் ஹோஸ், எக்ஸ்சேஞ்சரை விட்டு வெளியேறும் ஹோஸ், தெர்மோஸ்டாட் கூடு, எல்போவுக்கு (கடல்நீரும் புகையும் கலக்கும் வளைவுக் குழாய்) பின்னுள்ள எக்ஸாஸ்ட் ஹோஸ். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும். அளக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன்மேல் அளக்கவும். 2,400-இல் சுமையோடு, ஆவி தொடங்கும் நேரத்தில் அளந்தால்தான் பயன்.

இந்த இன்ஜினில் சாதாரணமாகக் கடல்நீர் எக்ஸ்சேஞ்சரில் 12 முதல் 15 டிகிரிதான் ஏறவேண்டும். சூடு அதேதான், தண்ணீர் பாதியானால் ஏற்றம் இரட்டிக்கும். 30-இல் உள்ளே போய் 55, 60-இல் வெளியே வந்தால் ஓட்டம் குறைவு. மாறாக, 38, 40-இல்தான் வெளியே வருகிறது, ஆனால் கூலன்ட் 95-ஐத் தொடுகிறது என்றால் தண்ணீர் போதுமானது, சூடு கைமாறவில்லை: குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நங்கூரம் எழுதியது:

பிஸ்டன் அண்ணன் சொன்ன றெக்க விஷயம் சரிதான். ஆனா பம்புக்கு முன்னாடி இருக்கறதையும் பாக்காம எக்ஸ்சேஞ்சரப் பிரிக்காதீங்க.

ஜெரஜாக்குக்கும் பினாங்கு தீவுக்கும் நடுவுல வத்தத்துல (கடல் வத்தற நேரத்துல) ஓட்டுனா சேறு, பிளாஸ்டிக் பை ரெண்டுமே வரும். பை ஒண்ணு கீழ இன்டேக் மேல ஒட்டிக்கும். வேகமா இழுக்கறப்ப அடைக்கும், இன்ஜின நிறுத்துனா தானா உதிர்ந்துடும். நீங்க ஸ்ட்ரெய்னரத் தொறந்து பாக்கறப்ப எல்லாம் சுத்தமா இருக்கும்! தண்ணியிலயே கெடக்கற படகுல சீகாக் (படகோட அடியில கடல்தண்ணி உள்ள வர்ற வால்வு) வாய்க்குள்ள கொட்டலசு (கெட்டியா ஒட்டி வளர்ற ஓட்டுப்பிராணி) வேற பிடிக்கும். ஓட்ட பெருவிரல் மொத்தத்துக்கு இருந்தது சுண்டுவிரல் மொத்தமா ஆயிடும். மெதுவா ஓட்டுனா போதும், வேகத்துக்குப் பத்தாது.

வாளி டெஸ்ட் பண்ணுங்க, காசு செலவில்ல. சீகாக்க மூடிட்டு, ஸ்ட்ரெய்னருலேர்ந்து பம்புக்குப் போற ஹோஸக் கழட்டி, 20 லிட்டர் கடல்தண்ணி இருக்கற பெயிண்ட் வாளியில விடுங்க. நியூட்ரல்ல 2,000-க்கு ஏத்திட்டு வாளி காலியாக எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கைப்பேசியில பாருங்க. வாளி வத்தறதுக்கு முன்னாடி இன்ஜின நிறுத்திடணும், காஞ்ச பம்புல புது இம்பெல்லர் கொஞ்ச நேரத்துல கருகிடும். அண்ணன் சொன்ன 12, 15 டிகிரி கணக்குக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர் பக்கம் வேணும். வாளியிலேர்ந்து இழுக்கறப்ப நல்லா இழுத்து, கடல்லேர்ந்து இழுக்கறப்ப பின்னாடி தண்ணி கொறைஞ்சா கோளாறு சீகாக், ஸ்ட்ரெய்னர் பக்கம். வாளியிலயும் மந்தமா இருந்தா பம்பு, இல்ல அதுக்கு அப்புறம்.

அடுத்து, பம்பு வெளியேத்தற ஹோஸ எக்ஸ்சேஞ்சர் வாயில கழட்டி இன்னொரு காலி வாளியில விட்டு அதே வேகத்துல அளந்து பாருங்க. அப்ப எக்ஸாஸ்டுக்குத் தண்ணி போகாது, ரப்பர் ஹோஸ் வெந்துடும். அதனால ஜெட்டிக் கொழாய்த் தண்ணிய எல்போவுக்குப் போற ஹோஸ்ல செருகி வச்சுக்கங்க. இன்ஜின் ஸ்டார்ட் ஆன அப்புறம்தான் கொழாயத் தொறக்கணும், நிறுத்தறதுக்கு முன்னாடி மூடணும். மாத்திப் பண்ணுனா மஃப்ளர் (சைலன்சர்) நெறைஞ்சு தண்ணி சிலிண்டருக்குள்ள ஏறிடும்.

இன்னும் ரெண்டு: ஸ்ட்ரெய்னர் மூடி ஓ-ரிங் காஞ்சிருந்தா காத்து இழுக்கும். கண்ணாடி மூடியா இருந்தா ஓடறப்ப குமிழி தெரியும். இழுக்கற பக்கம் ஹோஸ் கம்பி வச்சதா இருக்கணும். சாதா ஹோஸ் சூட்டுல இளகி, வேகத்துல சப்பையாகி ஒட்டிக்கும். நின்னதும் மறுபடி உருண்டையாயிடும், வெளியிலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

அலாரத்தையும் சோதித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. கூலன்ட் வெப்ப சுவிட்சில் ஒற்றை ஒயர் இருக்கும். 95 டிகிரி பக்கத்தில் அது உள்ளுக்குள் எர்த் ஆகி விளக்கையும் பஸ்ஸரையும் போடும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் ஒயரைக் கழற்றி இன்ஜின் பிளாக்கில் தொடுங்கள். வெப்ப விளக்கு எரிந்தால் பேனலும் ஒயரும் சரி. தொடாமலே விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. முனையில் பச்சை பூத்திருந்தால் சுரண்டி, புது லக் (ஒயர்முனை) போட்டு அடியுங்கள். உப்புக்காற்றில் இதுதான் முதலில் போகும், அதுவும் பெரும்பாலும் கத்தவேண்டிய நேரத்தில் கத்தாமல் இருக்கும் பக்கமாகவே போகும்.

சாவி போட்டதும் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிந்து பஸ்ஸர் கத்துவதுதான் சரி. கத்தவில்லை என்றால் அலாரமே செத்துக் கிடக்கிறது.

அலாரம் அடித்தால் 1,400-க்கு இறக்கி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஹெட் வளைந்தால் செலவு உங்கள் தலையில்.

பழைய_பிஸ்டன் எழுதியது:

மேலே சொன்னதில் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. எந்த அலாரம் என்பதைப் பொறுத்தது.

ஆயில் பிரஷர் என்றால் அந்தக் கணமே நிறுத்தவேண்டும், இரண்டாவது பேச்சே இல்லை. வெப்ப அலாரம் என்றால் முதலில் திரும்பிப் பின்பக்கம் பாருங்கள். தண்ணீரே விழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கடல்நீர் கலக்காத எக்ஸாஸ்ட் புகை, ஹோஸையும் ஃபைபர் மஃப்ளரையும் எரித்துவிடும், படகுக்குள் புகை பரவும். தண்ணீர் விழுகிறது, குறைவாக விழுகிறது என்றால் கியரை எடுத்து நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். சூடான இன்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் பம்புகளும் நின்றுவிடும், ஹெட்டில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் அங்கேயே கூலன்டைக் கொதிக்கவைக்கும். இரண்டு நிமிடத்தில் விளக்கு அணையவில்லை என்றால் அப்போது நிறுத்தலாம். கப்பல் போகும் வழியிலோ பாலத் தூண் பக்கத்திலோ நின்றால் அந்த இரண்டு நிமிடத்தில் ஒதுங்கி நங்கூரம் போட இடமும் கிடைக்கும்.

சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. 0.9 பார் அழுத்தத்தில் இருக்கிறது, திறந்த மறுகணம் முகத்தில் அடிக்கும். கை வைத்துப் பொறுக்குமளவு ஆறட்டும்.

ஜெட்டிவாசி எழுதியது:

அளந்தாயிற்று. 2,400-இல், ஆவி தொடங்கிய நேரத்தில்: உள்ளே வரும் கடல்நீர் 30, எக்ஸ்சேஞ்சரை விட்டு வெளியே 57, தெர்மோஸ்டாட் கூடு 93, எல்போவுக்குப் பின் ஹோஸ் 68. ஹோஸில் கை வைக்க முடியவில்லை.

வாளி: நியூட்ரலில் 2,000-இல் 20 லிட்டர் போக 2 நிமிடம் 20 வினாடி, அதாவது நிமிடத்துக்கு எட்டரை லிட்டர். பம்பு ஹோஸை எக்ஸ்சேஞ்சரில் கழற்றிவிட்டு அளந்தால் அதே 20 லிட்டர் 1 நிமிடம் 15 வினாடியில் போய்விட்டது. ஹோஸ் சப்பையாகவில்லை, ஸ்ட்ரெய்னரில் குமிழி இல்லை. அலாரம் சுவிட்சும் சரி.

அப்படியானால் அடைப்பு பம்புக்குப் பிறகுதானே? எக்ஸ்சேஞ்சரா, எல்போவா?

கடல்காற்று எழுதியது:

பம்புக்குப் பிறகுதான் தம்பி. 16 லிட்டர் தள்ளும் பம்பு, இணைத்ததும் எட்டரைதான் தள்ளுகிறது; பம்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பு மூடியின் உட்பக்கத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள், இம்பெல்லர் உராய்ந்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் கண்ணாடிப் பலகைமேல் ஈர உப்புத்தாள் வைத்துச் சமமாகத் தேய்த்துப் போடுங்கள். மூடி கேஸ்கெட் ஒரிஜினல் தடிமனிலேயே இருக்கட்டும். கடையில் தடித்த தாளை வெட்டிப் போட்டால் இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி விழும், பம்பு இழுப்பது குறையும்.

எக்ஸ்சேஞ்சரா எல்போவா என்பதைக் கழற்றாமலே பிரிக்கலாம். எக்ஸ்சேஞ்சரிலிருந்து எல்போவுக்குப் போகும் ஹோஸை எல்போ முனையில் கழற்றி வாளியில் விட்டு, குழாய்த் தண்ணீரை எல்போவுக்குக் கொடுத்து அளக்கவும். ஓட்டம் 15-ஐத் தொட்டால் குற்றவாளி எல்போ. எட்டரையிலேயே நின்றால் எக்ஸ்சேஞ்சர். நடுவில் 11, 12 என்று வந்தால் இரண்டுமே, அதுதான் அடிக்கடி நடப்பது. எக்ஸ்சேஞ்சரில் ஓட்டம் குறைந்தால் கடல்நீர் அதிகம் சூடாகி எல்போவில் உப்பைக் கக்கும், ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

எக்ஸ்சேஞ்சர்: கூலன்டை வடித்து எடுத்துவைத்து, இரண்டு பக்க மூடியையும் கழற்றுங்கள். கடல்நீர் நுழையும் பக்கத்து முகப்பில் ரப்பர் துண்டும் உடைந்த ஜிங்க் துண்டும் இருக்கும். ஜிங்க் அனோட் (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் துண்டு) பாதி கரைந்ததும் மாற்றாமல் விட்டால் ஒடிந்து விழும், அந்தத் துண்டே குழாய் வாயை அடைக்கும். உங்கள் இன்ஜினில் அனோட் எத்தனை இடத்தில் என்று கையேட்டில் பாருங்கள். சில இன்ஜின்களில் கிடையாது. இங்கே தண்ணீர் ஆண்டு முழுக்கச் சூடாக இருப்பதால் குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் இடைவெளியை நம்பவேண்டாம்.

குழாய்க்கட்டை வெளியே இழுத்து, ஒவ்வொரு குழாயிலும் மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் கம்பியோ விட்டுத் தள்ளுங்கள். சாத்தே குச்சி கச்சிதமாகப் போகும். இரும்புக் கம்பி வேண்டாம், உட்சுவரைக் கீறினால் அங்கேதான் பிறகு ஓட்டை விழும். சுண்ணாம்பு பிடித்திருந்தால் கேக் சாமான் கடையில் விற்கும் சிட்ரிக் ஆசிட் போதும்: 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 500 கிராம். நுரைப்பது நிற்கும்வரை ஊறவைத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். கட்டை வெளியே எடுத்துத்தான் ஊறவைக்கவேண்டும். கூடு அலுமினியம், அதில் ஊற்றினால் கூட்டையே அரிக்கும். பாத்ரூம் கழுவும் ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். ஓ-ரிங்குகள் புதிது போடுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டால் கடல்நீரும் கூலன்டும் கலக்கும்.

எல்போ: முந்தைய இரவே போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெய் அடித்து வைக்கவும். கட்டாயப்படுத்தித் திருகினால் ஸ்டட் உள்ளேயே ஒடியும், பிறகு அதை எடுப்பது தனி வேலை. கழற்றியதும் இரண்டு இடம் பார்க்கவேண்டும். ஒன்று, புகை வரும் வழி: கரி கல்லாகப் பிடித்து உள்விட்டம் குறைந்திருக்கும். இன்னொன்று, கடல்நீர் கலக்கும் துவாரம்: பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினால் உப்புப் பாறை உதிரும். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, உளியால் மெல்லத் தட்டி எடுங்கள்.

சுத்தம் செய்த பிறகு நீங்கள் செய்யவேண்டிய சோதனை இன்னும் ஒன்று இருக்கிறது, பலர் விட்டுவிடுவார்கள். தண்ணீர்ப் பக்கத்தை அடைத்து நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். புகை வழியில் ஈரம் கசிந்தால் வார்ப்பு உள்ளே அரித்துவிட்டது. உப்புதான் அந்த ஓட்டையை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது. அப்படியே மாட்டினால் இன்ஜின் நின்ற பிறகு கடல்நீர் எக்ஸாஸ்ட் வால்வுக்குப் போய்ச் சேரும். கசிந்தால் மாற்றியே ஆகவேண்டும், வெல்டிங் நிற்காது. பொருத்தும்போது புது கேஸ்கெட், ஹோஸுக்கு 316 துருவேறா எஃகு கிளிப் இரட்டையாக.

எல்போ அடைத்திருந்தால் ஆவியோடு கரும்புகையும் வரும், முழுவேகமும் எட்டாது. உங்கள் படகு இப்போது எத்தனை ஆர்பிஎம் வரை ஏறுகிறது? அதை எழுதவே இல்லையே.

ஒன்றை மறக்கவேண்டாம்: வேலை முடிந்து இன்ஜின் உடனே பிடிக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றினால் சீகாக்கை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இன்ஜின் ஓடாதபோது தண்ணீரைத் தள்ளப் புகை இருக்காது, பம்பு மட்டும் மஃப்ளரை நிரப்பிக்கொண்டே போகும். இன்ஜின் பிடித்ததும் சீகாக்கைத் திறக்கவும்.

ஜெட்டிவாசி எழுதியது:

எல்போ முனையில் அளந்ததில் 12 லிட்டர். கடல்காற்று அக்கா சொன்ன “இரண்டுமே”தான்.

எக்ஸ்சேஞ்சர் முகப்பில் ஒரு முழு இறக்கையும் ஒரு பாதி இறக்கையும் குறுக்காக ஒட்டிக்கொண்டிருந்தன, பின்னால் ஜிங்க் துண்டு. எல்போவின் தண்ணீர்த் துவாரம் பென்சில் போகும் அளவுக்குத்தான் இருந்தது. ஊறவைத்துத் தட்டியதில் விரல் போகிறது. நிரப்பி வைத்ததில் கசிவு இல்லை. பம்பு மூடியில் பள்ளம் இல்லை.

மாட்டிய பிறகு 2,400-இல் அரை மணி நேரம் ஓட்டி அளந்தது: உள்ளே 30, எக்ஸ்சேஞ்சர் வெளியே 43, தெர்மோஸ்டாட் கூடு 79, எக்ஸாஸ்ட் ஹோஸ் 41. ஆவி இல்லை, அலாரம் இல்லை.

அக்கா கேட்டது: முழு த்ராட்டிலில் 3,050-க்கு மேல் ஏறவில்லை, லேசாகக் கரும்புகை. அந்த வேகத்தில் பத்து நிமிடம் வைத்தால் கூடு 88-க்குப் போகிறது. மீதிப் பாதி இறக்கையும் கிடைக்கவில்லை, அதை விட்டுவிடலாமா?

நங்கூரம் எழுதியது:

பாதி றெக்க எல்போ வழியா வெளிய போயிருக்கலாம், ஆனா நம்பி விடாதீங்க. எக்ஸ்சேஞ்சருக்கு முன்னாடி இருக்கற வளைவு ஹோஸக் கழட்டி உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாருங்க, பம்பு வெளியேறும் வாயையும் பாருங்க. ஆன்டி-சைஃபன் வால்வு வச்சிருந்தா அதுக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். அந்த வால்வோட மேல் மூடியக் கழட்டி நல்ல தண்ணியில கழுவிடுங்க, உப்பு பிடிச்சு மூடிக்கிச்சுன்னா இன்ஜின் நின்னப்பறம் கடல் தானா உள்ள வடிஞ்சு வரும்.

3,600 போகவேண்டியது 3,050 போகுதுன்னா இன்ஜின் மேல சுமை அதிகம். கூலிங்கோட இதப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. இன்ஜின் மூச்சு வாங்குது, அதான் கரும்புகை, அதான் 88. அடிப்பக்கத்தையும் ப்ரொப்பெல்லரையும் பாத்தீங்களா? நம்ம தண்ணியில ஆன்டிஃபவுலிங் (கொட்டலசு பிடிக்காம இருக்கப் பூசற பெயிண்ட்) பூசாத ப்ரொப்பெல்லர் ரெண்டு மூணு மாசத்துல கொட்டலசால கரடுமுரடாயிடும். அடிப்பக்கம் பெயிண்ட் நல்லா இருந்தாலும் ப்ரொப்பெல்லர மட்டும் முழுகிச் சொரண்டுனாலே பல நூறு ஆர்பிஎம் திரும்ப வரும். பிளாஸ்டிக் சொரண்டி எடுத்துட்டுப் போங்க, வெண்கலத்தக் கீறாதீங்க. இன்ஜின் சாவிய உருவி முழுகறவங்க கையில குடுத்துடுங்க. வத்தம் திரும்பற நேரத்துல, நீரோட்டம் நிக்கறப்ப முழுகுனா சுலபம். ஷாஃப்ட் அனோடும் அப்பயே தெரிஞ்சுடும். அங்க இருக்கற வரைக்கும் சீகாக் வாய் ஓட்டையையும் ஒரு குத்து குத்திட்டு வாங்க.

சொரண்டியும் 3,400-க்கு மேல ஏறலன்னா ப்ரொப்பெல்லர் பிட்ச் (அதோட இறக்கைச் சாய்வு) அதிகம்னு சந்தேகப்படலாம். அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டையும் மாத்திப் பாத்துடுங்க.

ஜெட்டிவாசி எழுதியது:

நன்றி அண்ணா. ப்ரொப்பெல்லரை இந்த வாரமே பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: வெப்ப விளக்கு எரிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஆவி வந்தது. அந்த நேரத்திலேயே கத்தும் அலாரம் ஏதாவது வைக்க முடியுமா?

பட்டர்வொர்த்காரன் எழுதியது:

முடியும், கூலன்ட் சுவிட்சை நம்பாமல் எக்ஸாஸ்ட் ஹோஸில் வைக்கவேண்டும். கடல்நீர் நின்றால் கூலன்ட் சூடாக நிமிடக்கணக்கில் ஆகும், ஹோஸ் சில வினாடிகளிலேயே சூடேறத் தொடங்கிவிடும்.

ஆயத்தமாகவே விற்கும் எக்ஸாஸ்ட் அலாரங்கள் உண்டு. சொந்தமாகச் செய்ய, காசு அளவில் வட்டமாக இருக்கும் பைமெட்டல் வெப்ப சுவிட்ச் ஒன்று போதும். கே.எஸ்.டி. 301 என்று கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் தருவார்கள். கேஎல் (கோலாலம்பூர்) போகிறவர்கள் இருந்தால் ஜாலான் பாசாரில் எல்லா அளவிலும் கிடைக்கும். “நார்மலி ஓப்பன்” வகையா என்று பார்த்து வாங்குங்கள், குளிர்ந்திருக்கும்போது துண்டித்திருப்பது. இரண்டு வகையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடையிலேயே மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம்.

உங்கள் ஹோஸ் சாதாரணமாக 41-இல் ஓடுகிறது, கோளாறு வந்தபோது 68. ரப்பர் சுவர் தடிப்பாக இருப்பதால் வெளிப்பக்கம் உள்ளே இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும், ஆகவே 60 டிகிரி சுவிட்ச் எடுங்கள், 70 வேண்டாம். எல்போவிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஹோஸின் மேல்பக்கத்தில் வைத்து நீளமான ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். அடிப்பக்கத்தில் வைத்தால் மீதமிருக்கும் கொஞ்சத் தண்ணீர் அதைக் குளிரவைத்து ஏமாற்றும்.

சாவி ஆன் ஆனதும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து 1 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து சுவிட்ச், அங்கிருந்து 12 வோல்ட் பஸ்ஸர், அங்கிருந்து எர்த். நடுவில் ஒரு தள்ளு பொத்தானைச் சுவிட்சுக்குக் குறுக்கே இணைத்துவிட்டால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அழுத்திச் சோதித்துக்கொள்ளலாம். பஸ்ஸர் பேனல் அலாரத்திலிருந்து வேறு சத்தமாக இருக்கட்டும், கேட்ட உடனே எது கத்துகிறது என்று தெரியும். வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் போடுங்கள். சாதாரணச் செம்பு ஒயர் இன்ஜின் அறையின் உப்பு ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப்போகும்.